எல்லையோரத்தில் மடிக்கணினி வாங்குவோருக்கு: எந்த வாரண்டி எதுவரை வரும்?

எங்கள் கடைக்குப் புதிதாக ஒரு மடிக்கணினி வாங்க வேண்டியிருந்தது. எந்தக் கம்பெனி, எத்தனை ஜிபி ராம், எவ்வளவு பெரிய திரை என்பதையெல்லாம் ஒரே மாலையில் முடிவு செய்துவிட்ட எனக்கு, வாரண்டியை எந்த வகையில் எடுப்பது என்று தீர்மானிக்க மூன்று வாரம் பிடித்தது. தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கேரள ஊரான குமுளியில் ஏலக்காயும் மிளகும் விற்கும் சிறிய கடை எங்களுடையது. கணக்கு டாலி என்ற மென்பொருளில் இருக்கிறது; மாதந்தோறும் 11ஆம் தேதிக்குள் விற்பனை விவரத்தையும் 20ஆம் தேதிக்குள் வரிக் கணக்கையும் ஜிஎஸ்டி தளத்தில் ஏற்றியாக வேண்டும். ஆகவே கணினி எத்தனை ஆண்டு உழைக்கும் என்பதைவிட, படுத்துவிட்டால் எத்தனை நாளில் எழுந்து உட்காரும் என்பதே எனக்கு முக்கியமாகப் பட்டது.

என் முன்னால் இருந்த வழிகள் நான்கு. கம்பெனி இலவசமாகத் தரும் ஓராண்டு வாரண்டியோடு நிறுத்திக்கொள்வது ஒன்று. கம்பெனியிடமே பணம் கட்டி, ஆள் வீடு தேடி வரும் ஆன்சைட் வாரண்டியாக மூன்றாண்டுக்கு எடுத்துக்கொள்வது மற்றொன்று. வாங்கும் கடைக்காரர் தம் பங்குக்கு விற்கும் நீட்டிப்புத் திட்டத்தை எடுப்பது மூன்றாவது. புதிதே வேண்டாம் என்று, பெரிய அலுவலகங்கள் கழித்துவிட்ட பிசினஸ் ரகக் கணினிகளில் இரண்டை வாங்கி வைத்துக்கொண்டு, மலைக்குக் கீழே தமிழ்நாட்டிலுள்ள கம்பம் ஊரின் மெக்கானிக்கை நம்பிக் காலம் தள்ளுவது நான்காவது. சென்னையிலோ கொச்சியிலோ இருப்பவர்களுக்கு இந்த நான்கையும் விலையை வைத்தே ஒப்பிட்டுவிட முடியும். எல்லையில் இருப்பவர்களுக்கு வேறு ஒரு கணக்கும் இருக்கிறது. அதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

குமுளி, இடுக்கி மாவட்டத்தின் பீர்மேடு தாலுக்காவைச் சேர்ந்தது. 1956 நவம்பர் 1 அன்று மாநிலங்கள் மொழிவாரியாகப் பிரிந்தபோது இந்தத் தாலுக்கா கேரளத்தில் சேர்ந்தது. எங்களைப் போன்ற குடும்பங்களுக்குச் சொந்தபந்தமும் சந்தையும் இன்றும் மலைக்குக் கீழே கம்பத்தில்தான். எங்கள் பின்கோடு 685509. கம்பத்தின் பின்கோடு 625516. இரண்டுக்கும் நடுவே லோயர் கேம்ப் வழியாக இறங்கும் மலைப்பாதையும் சமவெளியுமாக இருபது கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான தூரம். அங்கிருந்து தேனி இன்னும் நாற்பது கிலோமீட்டர். கோட்டயமோ மேற்கே நூறு கிலோமீட்டருக்கும் அப்பால். 2017 சூலை 1 அன்று ஜிஎஸ்டி வந்ததோடு இங்கிருந்த வணிகவரிச் சோதனைச்சாவடி போய்விட்டது. ஆனால் கம்பெனிகளின் வரைபடத்தில் அந்தச் சாவடி இன்னும் அப்படியே நிற்கிறது.

சென்ற ஐப்பசியில் ஒரு நாள் மாலை நான்கு மணிக்கு இடி இறங்கியது. இங்கே துலாவர்ஷம் என்று சொல்லும் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் பிற்பகல் 2 மணி முதல் இரவு 10 மணி வரை இடிமின்னலுக்கு எச்சரிக்கையாக இருக்கும்படி கேரளப் பேரிடர் மேலாண்மை ஆணையம் ஆண்டுதோறும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது. சார்ஜரைப் பிடுங்கும் பழக்கம் எனக்கு உண்டு, அன்றும் பிடுங்கினேன். மோடத்திலிருந்து வந்த லேன் கேபிளைப் பிடுங்கவில்லை. அப்போது கடையில் இருந்த, வாங்கி ஐந்தே மாதமான பழைய கணினியில், அதன் பிறகு பவர் பட்டனை எத்தனை முறை அழுத்தியும் சின்ன விளக்குக்கூட எரியவில்லை.

கஸ்டமர் கேருக்குப் போன் செய்தால் முதலில் கேட்பது பின்கோடைத்தான். 685509 என்று சொன்னதும் அழைப்பு மலையாளம் பேசும் ஒரு பெண்ணிடம் போயிற்று. மலையாளம் எனக்குத் தண்ணீர்பட்ட பாடு என்பதால் அதில் குறையொன்றும் இல்லை. குறை, அவர் கையிலிருந்த கேள்விப் பட்டியலில் இருந்தது. கணினியை மறுபடி தொடங்கிப் பாருங்கள் என்றார். தொடங்கவே இல்லை என்றேன். அப்படியானால் கணினியிலேயே உள்ள பரிசோதனையை ஓட்டி, திரையில் வரும் பிழை எண்ணைச் சொல்லுங்கள் என்றார். திரையே வரவில்லை என்றேன். பிழை எண் இல்லாமல் புகாரைப் பதிய அவருக்கு அனுமதி இல்லை. மூன்றாவது நாள், நான்காவது அழைப்பில், மேலதிகாரி ஒருவர் பேசிப் புகாரைப் பதிந்து, கோட்டயத்தில் உள்ள மையத்துக்குக் கொண்டுபோகச் சொன்னார். தேனியில் உங்கள் கம்பெனியின் மையமே இருக்கிறதே என்று கேட்டதற்கு, "அது தமிழ்நாடு ரீஜன், மேடம்" என்று பதில் வந்தது.

ஒரு நாள் கடையை மூடிவிட்டு, கணினியைத் துண்டில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். ஒரு வாரம் கழித்து மதிப்பீடு வந்தது: மதர்போர்டு எனும் முதன்மைப் பலகையை மாற்ற வேண்டும், வரி நீங்கலாக 31,000 ரூபாய், வாரண்டியில் வராது. காரணம் என்ற இடத்தில் ஆங்கிலத்தில் மூன்றே எழுத்து: சி.ஐ.டி. போலீஸ் விவகாரம் என்று நினைத்துவிடாதீர்கள். வாடிக்கையாளரால் ஏற்பட்ட சேதம் என்பதற்கு சர்வீஸ் சென்டர்கள் வைத்திருக்கும் சுருக்கெழுத்து அது. தேநீர் கொட்டினாலும் சி.ஐ.டி., கீழே விழுந்து உடைந்தாலும் சி.ஐ.டி., வானத்திலிருந்து இடி விழுந்தாலும் சி.ஐ.டி. கடைசியில் சொன்னதில் வாடிக்கையாளரின் கைவரிசை என்ன என்று கேட்க எனக்கு அங்கே ஆள் கிடைக்கவில்லை.

நியாயமாகப் பார்த்தால், கம்பெனி அச்சடித்துத் தந்ததை மீறி எதையும் செய்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இலவச வாரண்டி என்பது தயாரிப்புக் குறைக்கு மட்டுமே உரியது. மின்னழுத்த உயர்வு, திரவம், அடி, பூச்சி, ஈரத்தால் பிடிக்கும் துரு ஆகிய எதுவும் அதில் வராது என்பது ஏறக்குறைய எல்லாக் கம்பெனிகளின் வாசகத்திலும் உண்டு. மழையும் மூடுபனியுமாக ஆண்டில் பாதி நாள் ஈரம் குறையாத எங்கள் ஊரில், அந்தக் கடைசிச் சொல்லுக்கு எடை அதிகம். மேலும், கணினிக்கு மூன்றாண்டு வாரண்டி இருந்தாலும் பேட்டரிக்குப் பெரும்பாலும் ஓராண்டுதான். உள்ளே இருக்கும் தகவல் போனால் யாரும் பொறுப்பில்லை. விண்டோஸ் முரண்டு பிடித்தால் பழைய நிலைக்குத் திருப்பும் வழியைச் சொல்வார்கள். டாலி திறக்கவில்லை என்றாலோ டிஜிட்டல் கையெழுத்துக்கான டோக்கனைக் கணினி கண்டுகொள்ளவில்லை என்றாலோ, அது எங்கள் வேலை அல்ல என்று மரியாதையாகச் சொல்லிவிடுவார்கள். ஆக, முதல் வழியான ஓராண்டு வாரண்டியை, வாங்கிய புதிதில் தானாகவே தலைகாட்டும் தயாரிப்புக் கோளாறுகளுக்கான காப்பு என்ற அளவில் வைத்துக்கொள்வதே சரி.

ஆனால் அந்த முதல் வழியைப் பற்றி நான் தாமதமாகத் தெரிந்துகொண்ட செய்தி ஒன்று உண்டு. எல்லையோரத்தில் இருப்பவர்களுக்கு அது பயன்படும். நாமே தூக்கிக்கொண்டு போய்க் கொடுக்கும் கேரி-இன் வாரண்டி, பொதுவாக நாட்டிலுள்ள அந்தக் கம்பெனியின் அங்கீகாரம் பெற்ற எந்த மையத்திலும் செல்லும். கணினியை வாங்கிய மாநிலம் எது, வீடு இருக்கும் மாநிலம் எது என்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை. போனில் புகார் பதியும்போதுதான் பின்கோடை வைத்து மையத்தை ஒதுக்குகிறார்கள். போன் செய்யாமல் பில்லோடு நேராகத் தேனி மையத்துக்குப் போயிருந்தால் அங்கேயே வாங்கிக்கொண்டிருப்பார்கள் என்பதை, பின்னால் அந்த மையத்திலிருந்தவரே சொல்லித்தான் அறிந்தேன். அப்போதும் சி.ஐ.டி. என்றுதான் எழுதியிருப்பார்கள் என்றாலும், எனக்கு ஒரு நாள் கடை அடைப்பும் கோட்டயப் பயணமும் மிச்சமாகியிருக்கும்.

இரண்டாவது வழியான ஆன்சைட்டில் நிலைமை நேர்மாறானது. அங்கே ஆள் நம்மைத் தேடி வர வேண்டும் என்பதால் பின்கோடுதான் எல்லாம். விளம்பரத்தில் "அடுத்த வேலைநாளில்" என்று கொட்டை எழுத்தில் இருக்கும். அந்த அடுத்த நாள், நாம் போன் செய்த நாளிலிருந்து எண்ணப்படுவதில்லை. போனிலேயே கோளாறை உறுதிசெய்து, உதிரிபாகம் கையிருப்பில் இருப்பது தெரிந்த பிறகே எண்ணப்படுகிறது. அதற்கும் கீழே, பொடி எழுத்தில், சேவை கிடைக்கும் நகரத்திலிருந்து இத்தனை கிலோமீட்டருக்குள் என்ற வரம்பு இருக்கும். அதற்கு அப்பால் இருப்பவர்கள் ஆன்சைட்டுக்குப் பணம் கட்டியிருந்தாலும், ஆள் வர நாளாகும், அல்லது நாமே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். இதை வாங்குவதற்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ள முடியும் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை. எனக்கும் முதல் தடவை தோன்றவில்லை.

ஆன்சைட்டோடு விபத்துப் பாதுகாப்பையும் சேர்த்து எடுப்பதுதான் எங்கள் ஊருக்குப் பொருத்தம். கீழே விழுதல், திரவம் கொட்டுதல், மின்னழுத்த உயர்வு ஆகியவற்றைப் பெரிய கம்பெனிகளின் விபத்துப் பாதுகாப்புத் திட்டங்கள் பெயர் சொல்லியே ஏற்கின்றன. பெரும்பாலும் ஆண்டுக்கு ஒரு முறை என்ற கணக்கில். இடியால் வந்த மின்னழுத்தம் இதில் சேருமா என்பதுதான் சிக்கல். ஒரு வரியில் மின்னழுத்த உயர்வை ஏற்கிறோம் என்று சொல்லும் அதே ஏட்டில், இன்னொரு வரியில் இயற்கைச் சீற்றத்தை ஏற்பதில்லை என்று எழுதியிருப்பதைப் பார்த்தேன். கம்பி வழியே வந்த இடி எந்த வரியைச் சேர்ந்தது? விற்பனைப் பிரதிநிதியிடம் இந்தக் கேள்வியை மின்னஞ்சலில் கேட்டேன். முதல் பதிலில் திட்டத்தின் சிறப்புகளை வருணித்திருந்தார். இரண்டாவது பதிலில் தள்ளுபடியைச் சொன்னார். மூன்றாவது முறை, கேள்வியை மட்டும் ஒரே வரியில் அனுப்பிய பிறகுதான், கட்டடத்தின் மீது நேரடியாக இடி விழுந்தால் ஏற்க மாட்டார்கள், மின்கம்பி அல்லது கேபிள் வழியாக வந்த உயர்வு என்றால் ஏற்பார்கள் என்று பதில் வந்தது. அந்தப் பதிலை அச்செடுத்து வைத்திருக்கிறேன்.

விலைக்கு வருவோம். நான் பார்த்த வீட்டு உபயோக ரகம் 59,000 ரூபாய். அதற்கே இரண்டாண்டு கூடுதல் ஆன்சைட்டும் விபத்துப் பாதுகாப்பும் சேர்த்தால் 11,800 ரூபாய் அதிகம், ஆகமொத்தம் 70,800. மூன்றாண்டு ஆன்சைட்டும் விபத்துப் பாதுகாப்பும் சேர்ந்தே வரும் பிசினஸ் ரகம் 82,600. எல்லாவற்றிலும் 18 சதவீத ஜிஎஸ்டி அடக்கம் என்பதால், பதிவு பெற்ற கடைக்கு, வாங்கும்போது கட்டிய வரியான உள்ளீட்டு வரியைக் கழித்துவிட்டால் வீட்டு ரகம் 60,000, பிசினஸ் ரகம் 70,000. வித்தியாசம் பத்தாயிரம், மூன்றாண்டுக்குப் பகிர்ந்தால் நாளொன்றுக்கு ஒன்பது ரூபாய் சொச்சம், எங்கள் பஸ் ஸ்டாண்டில் ஒரு சாயாவின் விலைகூட ஆகாது.

அந்த ஒன்பது ரூபாய்க்கு என்ன கிடைக்கிறது? லாட்டிட்யூட், திங்க்பேட், எலைட்புக் போன்ற பிசினஸ் வரிசைகளுக்கு உதவி கேட்டால் போன் வேறு வரிசையில் போகிறது; எடுப்பவருக்குக் கேள்விப் பட்டியலைத் தாண்டிப் போகச் சற்று அதிகாரம் இருக்கிறது. எந்தத் திருகைக் கழற்றினால் எது வெளியே வரும் என்பது வரை படத்தோடு விளக்கும் பழுதுநீக்கும் கையேட்டைக் கம்பெனியே இலவசமாக வெளியிடுகிறது. இதற்கெல்லாம் மேலாக எனக்குப் பட்டது வேறொன்று. வாரண்டியில், தகவலைச் சேமிக்கும் டிஸ்க்கான எஸ்எஸ்டியை மாற்றினால் பழையது கம்பெனிக்குச் சொந்தமாகிவிடும். அதில் எங்கள் கடையின் கணக்கோடு, நான் உதவி செய்யும் பக்கத்துக் கடைகள் இரண்டின் ஜிஎஸ்டி கடவுச்சொற்களும் இருக்கின்றன. பழைய டிஸ்க்கை நம்மிடமே வைத்துக்கொள்ளும் உரிமையைப் பிசினஸ் வரிசையில் சிறு தொகைக்குத் தனியாக விற்கிறார்கள். நான் பார்த்த வீட்டு ரகத்தில் அந்தப் பேச்சே இல்லை.

வரிப் பில்லைப் பற்றி எல்லையோரக் கடைக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. தேனியில் நூறு இருநூறு குறைவாகக் கிடைக்கிறது என்று கவுண்டரில் கையோடு வாங்கி, தமிழ்நாட்டு மாநில வரியும் மத்திய வரியும் பிரித்துப் போட்ட பில்லோடு மலையேறி வந்தால், கேரளப் பதிவெண்ணில் அந்த வரியைக் கழித்துக்கொள்ள முடியாது. 59,000 ரூபாய்க் கணினியில் 9,000 ரூபாய் அங்கேயே நின்றுவிடும். கடை முகவரிக்கு அனுப்பச் சொல்லி மாநிலம் விட்டு மாநிலம் விற்கும்போது போடும் ஒருங்கிணைந்த வரியோடு பில் வாங்கினாலோ, கேரளத்துக்குள் வாங்கினாலோ இந்தத் தொல்லை இல்லை.

கடைக்காரர் விற்கும் நீட்டிப்புத் திட்டத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. எனக்குச் சொன்ன விலை 5,310 ரூபாய். கம்பெனி வாரண்டி முடிந்த பிறகே தொடங்கும். கணினியைச் செய்தவரும் அல்லாமல் விற்றவரும் அல்லாமல் மூன்றாவதாக ஒருவர் பொறுப்பேற்கிறார். பழுதுபார்க்க முடியாது என்று அவர் முடிவு செய்தால், தேய்மானம் கழித்த தொகைதான் கைக்கு வரும், அதுவும் சில திட்டங்களில் அதே கடையில் மட்டும் செலவழிக்கக்கூடிய கூப்பனாக. நகரத்தில் அந்தக் கடைக்கு ஐந்து நிமிட நடையில் இருப்பவர் எடுத்துக்கொள்ளட்டும். மலைமேல் இருப்பவருக்கு இது ஒத்துவராது.

நான்காவது வழியைச் சொல்ல, என் பழைய கணினியின் கதையை முடித்தாக வேண்டும். கோட்டயத்திலிருந்து திருப்பி வாங்கி வந்ததைக் கம்பத்தில் கணினி பழுதுபார்க்கும் ஒரு தம்பியிடம் கொண்டுபோனேன். பின்மூடியைக் கழற்றி, மதர்போர்டின் மேல் ஸ்பிரிட்டைப் பஞ்சால் மெல்லத் தடவிவிட்டு, சன்னமான இரண்டு கம்பிகளால் குறைந்த அளவு மின்சாரத்தை உள்ளே விட்டார். பலகை முழுவதும் ஈரம் பளபளத்துக்கொண்டிருக்க, லேன் கேபிள் செருகும் இடத்துக்குப் பக்கத்தில் சுண்டுவிரல் நகத்தில் பாதியளவு இருந்த ஒரு சிப்பின் மேல் மட்டும் நொடியில் உலர்ந்தது. எங்கே சூடேறுகிறதோ அங்கேதான் ஷார்ட். "அக்கா, இந்த லேன் சிப் ஒண்ணுதான் செத்துப்போய் 3.3 வோல்ட் லைனையே கீழ இழுத்து வச்சிருக்கு. இதைக் கழட்டிட்டா மத்ததெல்லாம் உயிரோட இருக்கு. கேபிள் போட முடியாது, வைஃபைல ஓட்டிக்கங்க" என்றார். அரை மணி நேர வேலை, 1,800 ரூபாய். மதர்போர்டையே மாற்ற வேண்டும் என்று 31,000 கேட்ட அதே கணினி இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது.

இதைக் கேட்டவுடன் எல்லாரும், அப்படியானால் வாரண்டியே எதற்கு, தம்பியிடமே கொடுத்துவிட வேண்டியதுதானே என்கிறார்கள். அவர் கைத்திறமையில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அவர் கைவைத்ததோடு மிச்சமிருந்த ஏழு மாத வாரண்டி போயிற்று. அவருக்கு உதிரிபாகம் மதுரையிலிருந்தோ சென்னை ரிச்சி தெருவிலிருந்தோ வர வேண்டும். வருவது புதியதா, வேறொரு கணினியிலிருந்து கழற்றியதா என்பது வந்த பிறகே தெரியும். திரை உடைந்தால், சிப் அளவு வேலைக்கு அங்கே இடமில்லை; முழு விலையும் நம் கையிலிருந்துதான். தம்பி திருவிழாவுக்கு ஊருக்குப் போய்விட்டால் அந்த வாரம் கடை பூட்டு. இன்னொன்று, கம்பெனி ஏன் சிப்பை மாற்றாமல் பலகையையே மாற்றுகிறது என்பதற்கும் ஒரு நியாயம் உண்டு: ஆயிரம் மையங்களில் ஒரே தரத்தில் செய்து, செய்ததற்கு மறுபடி உத்தரவாதம் கொடுக்க அதுதான் அவர்களுக்கு வழி. தம்பியின் வேலைக்கு உத்தரவாதம் அவருடைய வாய்ச்சொல்தான். அது இதுவரை பொய்த்ததில்லை என்பது வேறு.

கழித்த பிசினஸ் கணினி ஒன்று 26,000 என்ற விலையில் இரண்டு வாங்கினால் 52,000. ஒன்று படுத்தால் மற்றொன்றில் அன்றே வேலை தொடரும். எந்த வாரண்டியும் இந்த வேகத்தோடு போட்டியிட முடியாது. ஆனால் பார்த்து வாங்க வேண்டும். 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 முறைப்படி ஓட இன்டெல் ப்ராசஸரில் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ வேண்டும். சந்தையில் மலிவாகக் குவிந்திருப்பவை அதற்கு முந்தியவையே. கல்லூரியில் படிக்கும் என் அக்கா மகனுக்கு இந்த வழியைத்தான் சொன்னேன், ஒரே ஒரு கணினியாக. அவனுக்கு 20ஆம் தேதி என்றால் வெறும் 20ஆம் தேதி.

எனக்கு அந்தத் தேதியின் விலை என்ன என்று ஒரு நாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். வரிக் கணக்கு தாமதமானால் நாளொன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம். இது பெரிய தொகை அல்ல. ஆனால் 11ஆம் தேதிக்குள் விற்பனை விவரத்தை நான் ஏற்றாவிட்டால், என்னிடம் மொத்தமாக ஏலக்காய் வாங்கிய வியாபாரிக்கு ஜிஎஸ்டி தளத்தில் 14ஆம் தேதி உருவாகும் பட்டியலில் என் பில் வராது. அந்த மாதம் அவரால் வரியைக் கழிக்க முடியாது. ஐப்பசியில் அதுதான் நடந்தது. மூன்று பேர் போன் செய்தார்கள், ஒருவர் பிறகு போன் செய்யவே இல்லை. பழைய கணக்கை ஒரு பென் டிரைவில் எடுத்து வைத்திருந்ததால் பக்கத்துக் கடைக் கணினியில் ஏற்றி மீதியைச் சமாளித்தேன். அந்த ஒரு வாடிக்கையாளரின் மதிப்பை நாளுக்கு ஒன்பது ரூபாயோடு வைத்துப் பார்த்த பிறகு, பிசினஸ் ரகத்தை வாங்கும் எண்ணம் உறுதிப்பட்டது.

சட்டத்தின் வழியையும் பார்க்காமல் இல்லை. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் எங்களைப் போன்றவர்களுக்குப் பெரிய வசதி ஒன்றைச் செய்திருக்கிறது: கம்பெனி எங்கே இருந்தாலும், நாம் குடியிருக்கும் அல்லது தொழில் செய்யும் மாவட்டத்திலேயே, இணையம் வழியாகவே வழக்கைப் பதியலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டாண்டுக்குள் பதிய வேண்டும். அதற்கு முன் 1915 என்ற தேசிய உதவி எண்ணில் புகாரைச் சொன்னால், சில சமயம் அதுவே கம்பெனியை அசைத்துவிடும். கடைப் பெயரில், ஜிஎஸ்டி எண்ணோடு பில் வாங்கியவர்களிடம், இது வணிக நோக்கம், நீங்கள் நுகர்வோரே அல்ல என்று எதிர்த்தரப்பு வாதிடக்கூடும். சுயதொழிலால் பிழைப்பு நடத்துவதற்காக வாங்கியது அந்த விலக்கில் சேராது என்று சட்டமே விளக்கம் தந்திருப்பதை அப்போது சொல்ல வேண்டும். நான் வழக்குப் போடவில்லை, போட்டிருந்தாலும் நின்றிருக்காது. தம்பி அந்தச் சிப்பைக் கழற்றிப் போட்ட அன்றே என் சாட்சியமும் போய்விட்டது. மையம் எழுதித் தரும் காரணச் சீட்டு, கணினியின் படங்கள், 1915இல் கிடைத்த புகார் எண் ஆகிய மூன்றும் கைக்கு வந்த பிறகே வெளியாளைத் திறக்கவிட வேண்டும் என்ற வரிசைமுறை எனக்கு அப்போது தெரிந்திருக்கவில்லை.

ஆன்சைட்டில் மதர்போர்டு மாற்றிய ஓர் உறவினர் வீட்டில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எந்த வழியை எடுத்தாலும் இது வரும். இன்ஜினியர் வந்தார், ஒரு மணி நேரத்தில் பலகையை மாற்றினார், கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார். கணினியைத் திறந்தால் நீலத் திரையில் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்டது. விண்டோஸ் 11இல் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு நுழைபவர்களின் டிஸ்க், பெரும்பாலும் அவர்கள் அறியாமலே பூட்டப்பட்டிருக்கும். அந்தப் பூட்டின் நினைவு பழைய பலகையோடு போய்விடுகிறது. எண் மைக்ரோசாஃப்ட் கணக்கில் பத்திரமாக இருந்தது, கணக்கின் கடவுச்சொல்தான் யாருக்கும் நினைவில்லை. இன்ஜினியருக்குப் போன் செய்தால், பலகை மாற்றுவது வரைதான் தம் வேலை என்றார். அது உண்மையும்கூட.

பிசினஸ் ரகத்துக்கு ஆர்டர் கொடுப்பதற்கு முன், கம்பெனிக்கு இரண்டு கேள்விகளை மின்னஞ்சலில் அனுப்பினேன். 685509க்கு ஆன்சைட் ஆள் வருவாரா, வந்தால் எத்தனை நாளில்? கணினியைக் குமுளி முகவரிக்குப் பில் போட்டு வாங்கிக்கொண்டு, பழுதானால் 625516இல் இருக்கும் என் சித்தி வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்து, அங்கே ஆளை வரச் சொல்லலாமா? நான்கு நாள் கழித்து வந்த பதிலில், குமுளிக்கு மூன்று முதல் ஐந்து வேலைநாள், கம்பத்துக்கு அடுத்த வேலைநாள் அல்லது அதற்கு மறுநாள் என்றும், புகார் பதியும்போது கணினி எங்கே இருக்கிறதோ அந்த முகவரியைக் கொடுத்தால் போதும் என்றும் எழுதியிருந்தார்கள். சித்தியிடம் சொன்னேன். "அதுக்கென்ன, வர்றவருக்கு ஒரு காப்பி போட்டுக் குடுத்தா ஆச்சு. ஆனா மத்தியானம் ஒரு மணிக்கு மேல வரச் சொல்லாத, நான் தூங்குவேன்" என்றார்.

பில், விபத்துப் பாதுகாப்பு பற்றிய பதில், பின்கோடு பற்றிய பதில், மீட்பு எண் ஆகிய நான்கையும் அச்செடுத்து ஒரே உறையில் போட்டுக் கல்லாப்பெட்டிக்குள் வைத்திருக்கிறேன். கம்பெனியின் தளத்தில் சீரியல் எண்ணைப் போட்டுப் பார்த்ததில், வாரண்டி தொடங்கும் நாளாக நான் வாங்கிய நாளுக்கு ஐந்து வாரம் முந்திய தேதி இருந்தது. பில்லை அனுப்பித் திருத்தச் சொன்னேன், திருத்திவிட்டார்கள். லேன் சிப் இழந்த பழைய கணினி வைஃபையில், டாலியின் நகலோடு, மேசையின் கீழ்த்தட்டில் இருக்கிறது. மதியம் இரண்டு மணியானால் சார்ஜரோடு மோடத்தின் கம்பியையும் பிடுங்கி வைக்கிறேன்.